கருப்பொருள் மட்டும்

1

'தீம் பார்க்' என்பதைத் தமிழில் 'கருப்பொருள் பூங்கா' என்று எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பு என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கருப்பொருள் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு உத்தியோகம் உண்டு. அதிலிருந்து அது இன்னும் ஓய்வு பெறவில்லை. தொல்காப்பியம் அகக்கவிதையின் உள்ளே இருப்பவற்றை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற மனித நிலைகள் உரி. மூன்றும் சமமானவை அல்ல. கவிதைக்கு முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் முக்கியம் என்பது அதன் கட்சி. உரி இல்லாத கரு வெறும் பட்டியல்.

இன்னொரு விதியும் உண்டு. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் இரண்டு நிலங்கள் ஒரே இடத்தில் மயங்குவதில்லை. மலையில் நின்று கடற்கரைத் துயரத்தை அனுபவிக்கலாம். மலையே கடற்கரையாகிவிட முடியாது.

இந்த இரண்டு விதிகளையும் மீறுவதற்கென்றே கட்டப்பட்ட ஒரு இடத்தைப் பற்றி எழுதுகிறேன். சிறுபத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசிப் பகுதிவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். என் புகார் பூங்காவின் மேல் இல்லை.

2

சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. கேரளத்து முதலீட்டில் கொச்சியில் 2000த்தில் தொடங்கி, பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வர் என்று பரவிய நிறுவனத்தின் ஐந்தாவது பூங்கா. அறுபது ஏக்கருக்கு மேல் நிலம், அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தபோது உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு பஸ்ஸில் நாங்கள் நாற்பது பேர் போனோம். கிளை ஊழியர்கள், அவர்கள் குடும்பங்கள், பஸ் நிறைய வேண்டும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்ட பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வழக்கமாக மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரும் கோவைக் கொண்டாட்டமும் போதும். இந்தத் தடவை ராத்திரி முழுக்கப் பயணம் செய்யக் காரணம் ஒரு ராட்டினத்தின் பெயர்தான். தஞ்சோரா.

தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, இருக்கை அதிலிருந்து தொங்க, கால்கள் அந்தரத்தில் ஆட, மனிதர்கள் குப்புறவும் மல்லாந்தும் போய்வருகிற வண்டி இது. ஸ்விட்ஸர்லாந்தில் பொலிகர், மபிலார் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் 1988ல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. இவ்வகை வண்டியை அவர்கள் முதன்முதலாக நிறுவியது 1992ல், சிகாகோவுக்குப் பக்கத்துப் பூங்கா ஒன்றில். அங்கே அதற்குப் பெயர் பேட்மேன். வளைவுகளின் கணக்கு வேறாக இருக்கலாம். தலைக்கு மேல் தண்டவாளம், காலுக்குக் கீழ் ஒன்றுமில்லை என்ற தத்துவம் ஒன்றுதான். சிகாகோவில் வௌவால் மனிதன், திருப்போரூரில் சோழநாடு.

பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் வெள்ளைக்காரன் நாக்கில் தஞ்சோர் ஆயிற்று. தஞ்சோர் விளம்பரக்காரன் நாக்கில் தஞ்சோரா ஆகியிருக்கிறது. ஊரிலிருந்து இரண்டு படி தள்ளி நிற்கிற இந்தச் சொல்லில் காவிரி இல்லை, நெல் இல்லை, 1010ல் முடிந்த கோயில் இல்லை, வெண்மணி இல்லை. ஒரு மினுக்கம் மட்டும் இருக்கிறது. தங்கரேக்கு ஒட்டிய ஓவியத்தின் மினுக்கம்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் மடத்துக்குளத்துக்காரர், என் சக ஊழியரின் தாயார். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு கேட்டார்: "ஏனுங் தம்பி, தஞ்சாவூருங்கறாங்க, கோயலு எங்கீங்?"

"கோயில் இல்லீங்கம்மா. பேரு மட்டுந்தானுங்க."

"அப்பறம் சாமி கும்புடாம எதுக்குங்க இத்தன நேரம் நிக்கோணும்?"

இதைக் கிராமத்து வெகுளித்தனம் என்று சிரித்துவிட்டு நகர்வது சுலபம். எனக்கு இது சுத்தமான விமர்சனமாகப் பட்டது. ஒரு பெயர் அழைத்தால் பெயருக்குரியது வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. மொழியின் மேல் வைத்த நம்பிக்கை. கவிஞர்களாகிய நமக்கு இந்த நம்பிக்கை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

வரிசையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். இந்தப் பூங்காவில் ஐந்து உரிப்பொருள்களில் நிஜமாகக் கிடைக்கிற ஒரே ஒன்று அதுதான். ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம் அந்தரத்தில் தொங்குவதற்கு ஒரு மணி நேரம் நிற்கிறோம். ஆனால் முல்லையின் காத்திருத்தலுக்கு ஒரு பருவம் உண்டு, கார்காலம். வர வேண்டிய ஒருவன் உண்டு. அவன் வராமலே போய்விடலாம் என்ற பயமும் உண்டு. இங்கே வர வேண்டியது ஒரு வண்டி, அது வந்தே தீரும். கூடுதலாகப் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டிப் போக வேறு டிக்கெட்டும் உண்டு. காத்திருத்தல் ஒரு மனநிலையாக இல்லாமல் ஒரு விலைப்பட்டியலாகிவிட்டது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். வண்டி புறப்பட்ட பிறகு வருகிற கூச்சல் பொய்யில்லை. வயிறு தொண்டைக்கு வருகிற அந்தக் கணத்தில் குமாஸ்தா, மானேஜர், செக்கிங் வேலைக்காரப் பெண் எல்லோரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். அந்தப் பயம் ஸ்தூலமானது, உடம்பினுடையது. ஆனால் அதற்கும் தஞ்சாவூருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அதன் பாரம் அடியில் இருக்கிறது. நிமிர்வது அதன் சுபாவம். தஞ்சோராவில் நாம் நிமிர்வது நம் பாரத்தால் அல்ல, தண்டவாளத்தால். இந்த வித்தியாசம்தான் என் கட்டுரை முழுவதும்.

3

தமிழ்நாட்டுப் பூங்காக்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சரித்திரம் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. 'கோல்டன் பீச்' என்றது, எம்.ஜி.எம். 'டிஸ்ஸி வேர்ல்ட்' என்றது. மேற்கின் மேல் உள்ள ஆசை அப்பட்டமாகத் தெரிந்த பெயர்கள். 1995ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. அதைத் தொடங்கியவர் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை 1984ல் தயாரித்த நவோதயா அப்பச்சன். சினிமா செட்டு போட்டவர் பூங்காவும் போட்டதில் ஆச்சரியம் இல்லை. பெயர் இதிகாசத்திலிருந்து வந்தது. குரங்குகளின் ராஜ்யம், குதிக்கலாம். இப்போது சரித்திரத்தின் முறை. 2022லும் 2023லும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக ஓடியபின் சோழ நாடு ஒரு சரக்கு என்று சந்தைக்கு உறுதியாகிவிட்டது. முன்பு அந்நியன்போல் வேஷம் போட்டோம். இப்போது நம்மைப்போலவே வேஷம் போடுகிறோம். இரண்டாவதுதான் அபாயம். முதலாவதில் வேஷம் என்று தெரிந்தது.

இடத்தைப் பாவனை செய்வது தமிழனுக்குப் புதிதல்ல. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் தெருப் படுதா, தர்பார்ப் படுதா, காட்டுப் படுதா என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். நவாப் ராஜமாணிக்கம் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போனவர், பிற்பாடு ஆர்.எஸ். மனோகர் பிரம்மாண்டமான அரங்க அமைப்புகளையே தன் நாடகங்களின் முத்திரை ஆக்கினார். இவை எல்லாவற்றுக்கும் எதிர்முனையில் தெருக்கூத்து இருக்கிறது. அங்கே படுதா இல்லை, காடு இல்லை. கூத்தாடி அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி, வனம் வந்து சேர்ந்தேன் என்று பாடுகிறான், வனம் வந்துவிடுகிறது. இடம் சொல்லிலும் அடவிலும் உண்டாகிறது. 1977ல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியது பழமையைக் காப்பாற்றுவதற்காக மட்டுமல்ல. பொருள்கள் இல்லாமலே இடத்தை உண்டாக்கும் இந்தச் சக்தி நவீன நாடகத்துக்கு வேண்டும் என்பதற்காகவும்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. உடுமலை மாரியம்மன் தேர் சமயத்தில் குட்டைத் திடலில் ராட்டினம் போடுவார்கள். துருப்பிடித்த இரும்பு, டீசல் வாடை, சீரியல் பல்பு, மிளகாய் பஜ்ஜி. அந்த ராட்டினத்துக்குக் கருப்பொருள் எதுவும் கிடையாது. அது எந்த நாட்டையும் எந்தக் காலத்தையும் நடிப்பதில்லை. ஆனால் அதற்கு முதற்பொருள் உண்டு. நிலம் குட்டைத் திடல், பொழுது தேர். கம்பம் நட்ட பின் வரும், தேர் முடிந்தபின் போய்விடும். வருஷத்தில் மற்ற நாளில் அந்த இடத்தைக் கடக்கும்போது அது இல்லாததும் நமக்குத் தெரிகிறது. ஆகவே ராட்டினத்தில் ஏறும் பையனுக்கு ஒரு ஏக்கமும் சேர்ந்து கிடைக்கிறது. அடுத்த வருஷம்வரை நீளும் ஏக்கம். முதல் இருந்தால் உரி தானாக வருகிறது. வருஷம் முழுக்க நடக்கும் பூங்காவுக்குப் பொழுது இல்லை. வேலை நேரம்தான் உண்டு.

நிஜப்பொருள்களைக் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்துவிடுமா? முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ரா அந்த வழியில் போனது. இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, தூணும் கதவும் அப்படியே, மறுபடி நிறுத்தினார்கள். காட்சிசாலை என்றே தன்னைச் சொல்லிக்கொள்வதால் அதில் கபடம் இல்லை. ஆனாலும் அந்த முற்றங்களில் நிற்கும்போது என்னைத் தொட்டது தூண் அல்ல; அடுப்பில் சாம்பல் இல்லாததுதான். நிஜக் கருவும் உரியைத் தானாகக் கொடுப்பதில்லை.

4

மேற்கில் இதைப்பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில், ஆரஞ்சுத் தோப்பை அழித்த இடத்தில் திறந்தது. அன்று அதில் இருந்த நிலங்கள் ஐந்து: பழைய கடைவீதி, சாகச நிலம், எல்லை நிலம், கனவு நிலம், நாளைய நிலம். ஐந்திணை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. நிலம் மயங்காது என்ற விதிக்கு நேர் எதிர். உம்பர்டோ எக்கோ 1970களில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, நகல் அசலைவிட நிறைவாக இருக்க வேண்டும் என்ற அங்கத்தியத் தாகத்தைப் பற்றி எழுதினார். போத்ரியா 1981ல் இன்னும் ஒரு படி போனார்: வெளியே இருக்கும் அமெரிக்காவே ஒரு டிஸ்னிலாண்ட், அதை மறைக்கத்தான் உள்ளே ஒன்று கட்டியிருக்கிறார்கள் என்றார்.

நம்மில் சிலருக்கு இந்த வாதத்தை அப்படியே இறக்கி இங்கே நிறுத்தும் ஆசை வரும். அதுவும் ஒரு ஸ்விஸ் வண்டிதான். திருப்பூர் வட்டாரத்தில் வெளியே இருப்பது நகல் அல்ல. நொய்யலில் சாயம் ஓடியது நிஜம். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நிஜம். ஒன்றரை ஷிப்ட் நிஜம். நம் பூங்காக்கள் வெளியுலகம் பொய் என்பதை மறைக்கவில்லை. அது நிஜம் என்பதைச் சிலமணி நேரம் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவே. பூங்காவுக்கு வந்தவர்கள் யாரும் இதில் ஏமாறவில்லை. எங்களோடு வந்த கட்டிங் மாஸ்டர் சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் போன் பேசத் தொடங்கினார், திங்கட்கிழமை ஷிப்மெண்ட்.

பொழுதுபோக்கு என்பது வேலையின் நீட்சிதான், இயந்திரத்திலிருந்து தப்புகிறவன் இன்னொரு இயந்திரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறான் என்று அடோர்னோ 1940களில் வாதித்தார். இது நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அதே பூங்காவில் ஆளைக் கட்டி உயரத்தில் சுழற்றும் இன்னொரு இயந்திரத்துக்குப் பெயர் 'ஸ்பின் மில்'. அதை வைத்தவர்களுக்கு அது வெறும் சத்தம். உடுமலைப் பக்கத்திலிருந்து போகிறவனுக்கு அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் ஸ்பின்னிங் மில் என்றால் ஆஸ்டல், மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் ஒரு தொகை என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்று மங்களமாகப் பெயர் வைத்து, தெற்கிலிருந்து கூட்டிவந்த பெண்கள், பஞ்சுத் தூசு, ராத்திரி ஷிப்ட். எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் இரண்டு பேர் மில்லில் இருந்தவர்கள். பலகையைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏறினார்கள், எல்லோரையும்போலக் கத்தினார்கள், சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

அந்தப் பார்வையை எழுத நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

5

இப்போது நம் இலக்கியத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களாக என்னிடம் படிக்கக் கொடுக்கப்படும் வட்டார நாவல்களில் பாதி, கருப்பொருள் பூங்காக்கள். கம்மங்கூழ், கத்தாழை நார், கட்டுத்தரை, உப்புசம், ஒப்பாரி, அண்ணன்மார் கதை. பேச்சுக்குப் பேச்சு 'ஏனுங்', 'வாங்கோ'. பின்னால் சொல்லடைவு. நுழைவாயிலில் கோபுரம் வைப்பதைப்போல முதல் அத்தியாயத்தில் குலதெய்வம். கி. ராஜநாராயணன் கரிசல் சொல்லகராதியும் பெருமாள்முருகன் கொங்குச் சொல்லகராதியும் தொகுத்தது அழிகிற சொல்லைக் காப்பதற்கு. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவலுக்கு அலங்காரம் செய்வதற்கு அல்ல. இந்த நாவல்களில் நிலம் இல்லை, நிலத்தின் சாமான்கள் இருக்கின்றன. பொழுது இல்லை, 'அந்தக் காலம்' இருக்கிறது. உள்ளே ஓடுகிற வண்டியோ எல்லா ஊருக்கும் பொதுவானது: சாதி கடந்த காதல், அதைத் தடுக்கும் அண்ணன், கடைசியில் ஒரு சாவு. கம்மங்கூழை எடுத்துவிட்டு மீன்குழம்பை வைத்தால் அதே நாவல் நாகப்பட்டினத்திலும் ஓடும்.

இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். பெயரை மாற்றிப் பார்ப்பது. கருவை எல்லாம் கழற்றிவிட்டு வேறு ஊரின் கருவை மாட்டினாலும் படைப்பு அதே வேகத்தில் ஓடினால், அது சிகாகோவிலும் திருப்போரூரிலும் ஓடும் வண்டி.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942ல் வந்தது. இதே கொங்கு நாட்டுக் கிராமம். க.நா.சு. திரும்பத் திரும்ப அதைச் சொல்லிவந்தார் என்றால் காரணம் வட்டார வாசனை மட்டும் அல்ல. விதவையான ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பாகம் கேட்கிறாள், முடிவு கொலை. அங்கே மண் பின்னணிப் படுதா அல்ல, வழக்கின் பொருள். அந்தக் காட்டை எடுத்துவிட்டால் நாகம்மாள் இல்லை. கரு, உரியின் எலும்பாகிவிட்ட இடம் அது.

பட்டியலே கூடாது என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' மரங்களும் கொடிகளும் பறவைகளும் நிறைந்தது. ஆனால் அங்கே ஒவ்வொன்றும் பெயர் சொல்லப்படுவது அது வெட்டப்படும் சமயத்தில், எரியும் சமயத்தில். ஆலை ஒன்று வருவதற்காக வனம் போகிறது. ஆசிரியர் குரல் உயர்த்தி இரங்குவதே இல்லை, பட்டியலே இரங்கலாகிவிடுகிறது. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நேர் எதிர்க்கோடி. சினிமா ஸ்டுடியோவில் நடக்கும் நாவல், ஜோடனையே தொழிலாக உள்ள இடம். அவர் செட்டுகளின் பளபளப்பை வர்ணித்துக்கொண்டிருக்கவில்லை. வண்டிக்குக் காத்திருப்பவனையும், சம்பளத்துக்குக் காத்திருப்பவனையும் எழுதினார். பூங்காவின் வரிசையில் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்த ஒரே தமிழ் நாவல் அதுதான்.

கவிதையில் இதே நோய் வேறு உருவத்தில் இருக்கிறது. குறிஞ்சி, பாலை என்று தலைப்பு வைத்து, யாழ் ஒன்றையும் பறை ஒன்றையும் போட்டால் மரபு வந்துவிட்டதாக நினைக்கிறோம். மரபு சாமான் அல்ல, ஒரு உறவுமுறை. நிலத்துக்கும் பொழுதுக்கும் மனித நிலைக்கும் இடையே உள்ள கணக்கு. அந்தக் கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? திருப்பூரின் நிலம் எது? பெரும்பொழுது கிறிஸ்துமஸ் ஆர்டர்; சிறுபொழுது ராத்திரி ஷிப்ட் விடும் நேரம். கரு ஓவர்லாக் மிஷின், பீஸ் ரேட் நோட்டு, ஒடியாவிலும் போஜ்புரியிலும் ஓடுகிற போன் பாட்டு. இவை எல்லாம் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும். இவற்றை அடுக்கியும் சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் நாளைக்கு ஒரு தஞ்சோரா ஆகும். கிடைக்காதது உரி. ஸ்பின் மில் என்ற பலகையைப் படித்துவிட்டு ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாளே, அது புணர்தலும் அல்ல, பிரிதலும் அல்ல, இரங்கலும் அல்ல. பழைய ஐந்தில் அதற்கு இடம் இல்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர், அழைத்தால் அதற்குரியது வந்து நிற்கிற பெயராக இருக்க வேண்டும்.

சந்தை நம் சொற்களை எடுத்து வண்டிகளுக்கு மாட்டுகிறது. அது அதன் தொழில். எழுதுகிறவனும் அதையே செய்தால் சொல்லுக்குப் போக்கிடம் இல்லை.